ஓப்பன்சீஸை கிளஸ்டரில் ஏற்ற மூன்று வழிகள்: எது யாருக்கு?

நிலநடுக்கத்தில் கட்டிடங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் மென்பொருள் ஓப்பன்சீஸ்; நோடு எனப்படும் பல கணினிகளை இணைத்த தொகுப்பு கிளஸ்டர். பெங்களூரில் ஆராய்ச்சி படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் "அண்ணா, ஓப்பன்சீஸை கிளஸ்டரில் எப்படி ஏத்துறது?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஓட்டப்போவது ஒரே பெரிய மாடலா, சின்ன மாடலைப் பல நூறு தடவையா? வழி எது என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பல நூறு தடவை என்றால் பைத்தான் வடிவமான ஓப்பன்சீஸ்பை போதும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் 'பிப்' கொண்டு ஒரே வரியில் ஏற்றலாம். பத்து மாடிக் கட்டிடம் ஒன்று, 40 நிலநடுக்கப் பதிவுகள், ஒவ்வொன்றையும் 20 அளவுகளுக்குப் பெருக்கினால் 800 ஓட்டங்கள். எந்த ஓட்டமும் இன்னொன்றின் விடைக்குக் காத்திருப்பதில்லை. கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில் ஜாப் அரே (ஒரே வேலையைப் பல உள்ளீடுகளுக்கு ஓட்டுவது) போட்டால் வேலை முடிந்தது, பிராசஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் எம்பிஐ பக்கமே போக வேண்டாம். ஓஎம்பி திரெட் எண்ணிக்கையை (ஒரு ஓட்டம் ஒரே நேரத்தில் எத்தனை இழைகளில் கணக்கிடும் என்பதை) மட்டும் 1 என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டமும் எல்லா கோர்களையும் பிடிக்கப் பார்க்கும். விடைகள் பதிவாகும் ரெக்கார்டர் கோப்புகளை நோடின் உள்ளூர் டிஸ்கில் எழுதி, கடைசியில் ஒரே டார் கோப்பாக நகர்த்துங்கள். ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை எல்லோரும் பகிரும் சேமிப்பகமான லஸ்டரில் கொட்டினால் அட்மின் தேடி வருவார்.

பிப் காலை வாருவது பழைய இயங்குதளத்தில். சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது, ஆனாலும் அதை ஓட்டும் கிளஸ்டர்கள் உண்டு. அதன் ஜிலிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகம்) 2.17, ஓப்பன்சீஸ்பையின் புதிய பதிப்புகள் அதில் இறக்குமதியே ஆகாது.

அங்கேதான் ஆப்டெய்னர் (2021 வரை சிங்குலாரிட்டி) கைகொடுக்கும்: மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே இமேஜாக அடைக்கும் கருவி. உங்கள் உபுண்டு லேப்டாப்பில் இமேஜ் கட்டி, ஒரே கோப்பாக ஏற்றலாம். ஓட்ட ரூட் அனுமதி தேவையில்லை. ஒரு நோடுக்குள் ஓட்டும்வரை பிரச்சினை இல்லை. பல நோடுகளுக்குப் பரப்பினால் இமேஜுக்குள் இருக்கும் எம்பிஐயும் கிளஸ்டரில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும், அதனால் பெரிய மாடலுக்கு இதை நான் சொல்வதில்லை.

மண்ணும் அடித்தளமும் கட்டிடமும் சேர்ந்த முப்பரிமாண மாடலுக்கு, லட்சக்கணக்கில் சமன்பாடுகள் வரும்போது, மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதே சரி. இதில் எம்பிஐ கொண்டு ஓடும் வடிவங்கள் இரண்டு: ஓப்பன்சீஸ்எஸ்பி மாடலைத் தானே பிரித்துக்கொள்ளும், ஓப்பன்சீஸ்எம்பியில் பிரிக்கும் வேலை உங்களுடையது. இரண்டுக்கும் சமன்பாடுகளைத் தீர்க்கும் நூலகங்களான மம்ப்ஸ், ஸ்கேலாபேக் வேண்டும். மற்ற நூலகங்களைக் கோனன் என்ற கருவி இறக்கித் தரும், சிமேக் என்ற கருவி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும். கோனன் 1 காலத்துக் குறிப்புகளைக் கோனன் 2-இல் அப்படியே அடித்தால் ஓடாது. கணக்கு ஓடும் கம்ப்யூட் நோடில் பெரும்பாலும் இணையம் இருக்காது, இறக்குவதை நீங்கள் முதலில் நுழையும் லாகின் நோடிலேயே முடியுங்கள்.

கம்பைலரைக் கலக்காதீர்கள்: ஜிசிசி என்றால் எல்லாமே ஜிசிசி, இன்டெல் என்றால் எல்லாமே இன்டெல். ஒரு எம்பிஐயில் கட்டியதை இன்னொன்றின் எம்பிஐரன் (பிராசஸ்களைத் தொடங்கும் கட்டளை) கொண்டு ஓட்டினால் பிழைச் செய்தி வராமலே போகலாம்: 16 பிராசஸ் கேட்டிருப்பீர்கள், ஒவ்வொன்றும் தன்னைப் பூஜ்ஜியமாம் எண் என்றும், மொத்தமே ஒன்று என்றும் அச்சிடும். ஒரே கணக்கு 16 முறை ஓடும். அதனால் முதல் ஜாபிலேயே பிஐடி (பிராசஸின் எண்), என்பி (மொத்த பிராசஸ்கள்) இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள்.

பிறகு சின்ன மாடல் ஒன்றை லேப்டாப்பிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். கூரை இடப்பெயர்ச்சியின் கடைசி இலக்கங்கள் மாறினால் கவலையில்லை, கூட்டும் வரிசை மாறியதால் வருவது அது. இரண்டாவது மூன்றாவது இலக்கமே மாறினால் பெரிய ஜாபைச் சமர்ப்பிக்காதீர்கள்.