அயர்லாந்துக் குடியுரிமை: எங்கள் வீட்டின் எட்டு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே கொள்ளுப்பாட்டி. தம்பி அயர்லாந்துக் குடிமகன், அக்கா இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து மான்செஸ்டரில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமனாரின் தாயார், அதாவது கணவரின் பாட்டி, 1912-இல் அயர்லாந்தின் மேற்கிலுள்ள மாயோவில் பிறந்து, செவிலியர் வேலைக்காக இங்கிலாந்துக்கு வந்தவர். அவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்பதால், இங்கிலாந்தில் பிறந்த என் மாமனார் பிறவியிலேயே அயர்லாந்துக் குடிமகன். அந்த நாட்டு பாஸ்போர்ட்டை ஒரு நாளும் கையில் எடுத்ததில்லை என்றாலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பேரனான என் கணவரின் நிலை வேறு. அவர் அயர்லாந்து அரசின் 'வெளிநாட்டுப் பிறப்புகள் பதிவேட்டில்' பெயரைச் சேர்க்க வேண்டும். சேர்த்த நாளிலிருந்துதான் குடியுரிமை; பிறந்த நாளிலிருந்து அல்ல. அதனால் அந்த நாளுக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்குத்தான் அவர் வழியாக உரிமை. இந்த ஒரு விதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

எங்களுக்கு அது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. மகள் பிறந்தது 2016 மார்ச்சில். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்ற வாக்கெடுப்பு அதே ஆண்டு ஜூன் 23-இல். விலகுவது என்று முடிவான பிறகுதான், ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்து பாட்டியின் ஊர் என்பது எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது.

காகிதம் சேர்க்கவே எங்களுக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. பாட்டி, மாமனார், கணவர் என்று மூன்று தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழ், பெயர் மாறியவர்களுக்குத் திருமணச் சான்றிதழ், பாட்டிக்கு இறப்புச் சான்றிதழ். எல்லாமே அசல். இங்கிலாந்தில் கொடுக்கும் சிறிய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது; அதை அனுப்பிப் பயனில்லை. பெற்றோர் பெயருள்ள முழுச் சான்றிதழைத்தான் வாங்க வேண்டும்.

அயர்லாந்து ஆவணங்களெல்லாம் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்துபோயின என்று ஓர் உறவினர் பயமுறுத்தினார். டப்ளின் நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மைதான். ஆனால் 1864-இலிருந்து எழுதப்பட்டுவரும் பிறப்புப் பதிவேடுகள் அங்கே இல்லாததால் தப்பின. நூறு ஆண்டு கடந்த பிறப்புப் பதிவுகளை அரசே இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பாட்டியின் பதிவைத் திரையில் கண்டோம். சாய்வான கையெழுத்து, தகப்பனார் தொழில் 'விவசாயி'. பிறப்பைப் பதிய வந்தவர் தாயார். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. மாமனார் அந்தக் குறியின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசவில்லை.

இரண்டு சிக்கல்கள் வந்தன. பங்குக் கோயிலிலிருந்து வாங்கிய ஞானஸ்நானச் சான்றின்படி, பாட்டி பிறப்பதற்கு ஒன்பது நாள் முன்பே அவருக்கு ஞானஸ்நானம் ஆகியிருந்தது! தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால், அந்தக் காலத்துக் குடும்பங்கள் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வது உண்டாம். அரசுக்கு வேண்டியது அரசுப் பதிவுதான். கோயில் சான்றை நாங்கள் அனுப்பவில்லை. அடுத்தது பெயர். பிறப்பில் பிரிட்ஜெட், திருமணத்தில் டீலியா. அங்கே பிரிட்ஜெட்டை டீலியா என்று அழைப்பது நம் ஊரில் மீனாட்சியை மீனா என்பதைப் போல. ஒரு விளக்கக் கடிதம் வைத்தோம்; கேள்வி வரவில்லை.

சாட்சிக் கையெழுத்தில் கவனம் வேண்டும். மருத்துவர், வழக்கறிஞர் போன்ற, உங்களை நேரில் அறிந்த, உறவினரல்லாத ஒருவர் படிவத்திலும் புகைப்படங்களின் பின்புறத்திலும் ஒப்பமிட வேண்டும். எங்கள் சாட்சி ஒரு படத்தின் பின்னால் போட மறந்துவிட, மறுபடியும் அவரிடம் போய் நின்றோம்.

கட்டணம் 278 யூரோ. 2017 செப்டம்பரில் அனுப்பினோம். 2018 மார்ச்சில் சான்றிதழ் வந்தது. மகன் பிறந்தது 2019-இல். தந்தை ஏற்கெனவே பதிவேட்டில் இருந்ததால் அவனுக்கு உரிமை உண்டு. சிறுவர் கட்டணம் 153 யூரோ. அவன் விண்ணப்பம் கொரோனாத் தேக்கத்தில் சிக்கி, 2021-இல் அனுப்பியது 2023-இல்தான் வந்தது. அந்தக் காத்திருப்பு பெரிதில்லை. காத்திருந்தாலும் வராது என்ற மகளின் நிலைதான் மனத்தை அறுக்கிறது. அவளுக்கு மிஞ்சியிருப்பது அயர்லாந்து அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்த வழி மட்டுமே. எனக்கும் கணவர் வழியாகத் தானாக எதுவும் கிடையாது. அயர்லாந்துத் தீவில் மூன்று ஆண்டாவது வாழ்ந்தால்தான் விண்ணப்பிக்கலாம்.

சென்ற ஆண்டு லிஸ்பன் விமான நிலையத்தில், மகனின் சிவப்பு பாஸ்போர்ட்டை அதிகாரி பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். மகளின் நீல பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் தம்பியின் பாஸ்போர்ட் மேலட்டையைத் தடவிப் பார்த்து, "அம்மா, எனக்கு ஏன் யாழ் இல்லை?" என்று கேட்டாள். அயர்லாந்தின் சின்னம் யாழ். நீ கொஞ்சம் முன்னால் பிறந்துவிட்டாய் என்றேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பதிலாகுமா?

என் நாத்தனார் கருவுற்றிருப்பதாகச் சொன்ன அன்றே அவரை உட்கார வைத்து விண்ணப்பத்தை நிரப்பினேன். பாட்டியின் சான்றிதழ்கள் கையில் இருந்தன. குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் அவசரமாகப் பரிசீலிக்கும்படி கேட்கலாம். மருத்துவர் கடிதத்துடன் கேட்டோம். பிரசவத்துக்குப் பதினொரு நாள் முன்பு சான்றிதழ் வந்தது. கணக்கில் வருவது விண்ணப்பித்த நாள் அல்ல, பதிவான நாள் என்பதால், அந்தப் பதினொரு நாளும் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உறையைப் பிரித்து, பெயரைவிட முதலில் தேதியைத்தான் பார்த்தேன்.