பினாங்கில் காது நரம்புச் சோதனை: போன அனுபவம்

தீபாவளிக்கு ஊர் வந்தபோது, அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் உள்காது நரம்பைச் சோதித்துக்கொண்டேன். சிட்னியில் இடது காதில் வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் (உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காது நரம்பில் அழற்சி) வந்து, வாந்தியும் சுற்றலுமாகப் படுத்து எழுந்தவன் நான். இப்போது நடை சரி, சட்டென்று திரும்பினால்தான் தள்ளாட்டம். நரம்பே தேறியதா, மூளை சமாளிக்கப் பழகியதா என்று தெரிய வேண்டியிருந்தது.

முன்பதிவுக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் ஸ்டெமெட்டில் மாதிரி தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை முன்பே நிறுத்தச் சொல்லி யாரும் எச்சரிக்கவில்லை, அவை முடிவைக் கெடுத்துவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி வந்த ஓர் அம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள், பாவம்.

சோதனையில் குறை சொல்ல முடியாது. கேமரா பொருத்திய கண்ணாடியை மாட்டி, சுவர்ப் புள்ளியைப் பார்க்கச் சொல்லி, ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதிக்கும் நிபுணர்) தலையை வெடுக்கென்று திருப்பினார். நரம்பு நன்றாக இருந்தால் கண் புள்ளியை விடாது, இல்லாவிட்டால் தலையோடு போய்விட்டுத் தாவித் திரும்பும். 1988-இல் சிட்னியில் ஹால்மாகி, கர்த்தாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் விவரித்த முறை, அதற்குப் பினாங்கு வந்து தலையைக் கொடுத்திருக்கிறாயே என்று அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

அப்புறம் இருட்டுக் கண்ணாடி, காதில் 30 டிகிரி நீர், பிறகு 44 டிகிரி. மனம் சும்மா இருந்தால் கண்ணசைவு அடங்கிவிடுமாம், அதனால் தமிழ் நர்ஸ், "அண்ணே, பலகாரம் பேரு வரிசையா சொல்லுங்க" என்றார். வலது காதில் வெந்நீர் விட்டபோது அதிரசம் தாண்டுவதற்குள் கட்டிலே சுழன்றது. இடது காதில் முறுக்கு, நெய் உருண்டை, ஓமப்பொடி எல்லாம் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன், அதுதான் கெட்ட செய்தி: நரம்பு நன்றாக இருந்தால் அந்த நீருக்குச் சுற்ற வேண்டும்.

தலை திருப்பும் சோதனை ஏறக்குறைய இயல்பு, தண்ணீர்ச் சோதனையில் இடது பக்கம் பலவீனம். டாக்டர் அவசரமாக "நரம்பு வீக்" என்று சுற்றல் மாத்திரை எழுதினார். எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் மிக மெதுவான அசைவுக்கான பதிலைத்தான் அளக்கிறது, தலை திருப்புவதோ அன்றாட வேகத்தை. இந்த நோயில் தலை திருப்பும் சோதனை தேறிய பிறகும் தண்ணீர்ச் சோதனை பலவீனமாகவே நிற்பதுண்டு. மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் மூளை பழகுவதுதான் தாமதமாகும். கேட்ட பிறகே பிசியோவிடம் அனுப்பினார்கள், கட்டைவிரலை நீட்டி, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டும் பயிற்சியை அவர் பொறுமையாகக் கற்றுத் தந்தார்.

போகிறவர்கள் சோதனையின் வரைபட நகலைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு முதலில் "இடது பலவீனம்" என்ற ஒரே வரியோடு ஒரு தாள்தான் நீட்டினார்கள், கவுண்டரில் நின்று கேட்டதும் மீதியும் வந்தது.