வரிகள் மட்டும் போதுமா, இசைக்குறிப்பும் வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள்தான் எங்கள் கிறிஸ்தவ சபை. புதிய பாட்டுப் புத்தகம் வாங்கும் பேச்சு வந்ததும் இரண்டு கட்சியாகிவிட்டோம். வரிகள் மட்டும் இருந்தால் போதும் என்கிறார்கள் பெரியவர்கள். கீபோர்டு படிக்கும் பிள்ளைகளுக்கு இசைக்குறிப்போடு வேண்டும். நான் இரண்டையும் வைத்துப் பாடிப் பார்த்தேன்.

வரிப் புத்தகம் கைக்கு அடக்கம், எழுத்தும் பெரிது. என் பக்கத்தில் உட்காரும் பாட்டி ரப்பர் பால்மரம் சீவிய கையால் அதைப் பிடித்துக்கொண்டு நான்கு சரணத்தையும் தடங்கலில்லாமல் பாடிவிடுவார். இசைக்குறிப்புப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஐந்து கோடுகளுக்கு அடியில் 'நம்-பி-னே-னே' என்று சொல் துண்டு துண்டாக நிற்கிறது. அதன் கீழே இரண்டாம் சரணம், அதற்கும் கீழே மூன்றாவது. பாட்டி விரல் வைத்துத் தேடுவதற்குள் சபை அடுத்த வரிக்குப் போய்விட்டது.

கீர்த்தனைகளுக்கு இந்தக் கோடுகள் தேவையே இல்லை என்பேன். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாட்டுகளுக்கு மேலே ராகமும் தாளமும் போட்டிருந்தால் போதும். அந்தக் குழைவும் கமகமும் கோட்டில் அடங்காது. ஒருவர் பாட மற்றவர் கேட்டுத்தான் வரும்.

பாமாலை விஷயம் வேறு. ஆங்கிலத்திலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் வந்த பாட்டுகள் அவை. வரிப் புத்தகத்தில் 8.7.8.7 என்று, வரிக்கு எத்தனை அசை என்ற கணக்கு இருக்கும். அதே கணக்குள்ள வேறு மெட்டிலும் பாடலாம். அதுவும் ஒரு வசதிதான். 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆங்கிலப் பாட்டு 1779இல் வெறும் வரிகளாகத்தான் அச்சானது. இன்று நாம் பாடும் மெட்டோடு 1835இல்தான் சேர்ந்தது.

ஆனால் காதை மட்டும் நம்பினால் மெட்டு தேய்கிறது. ஒரு பாமாலையில் மூன்றாம் வரியின் கடைசி மேலே ஏற வேண்டும். நாங்கள் வருஷக்கணக்காக இறக்கியே பாடிவந்தோம், அதுதான் சரி என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு பையன் குறிப்பைப் பார்த்து வாசித்த அன்று சபையே தடுமாறியது. அப்புறம் ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேல் குரல், கீழ்க் குரலாகப் பிரித்துப் பாட, குறிப்பு இல்லாமல் எங்கள் பிள்ளைகளுக்கு வழியே கிடையாது. அந்தக் குரல்கள் சேரும்போது சின்ன ஆலயம் நிறைந்துவிடும். அதை இழக்க எனக்கு மனமில்லை.

அதனால் கமிட்டியில் நான் சொல்லப்போவது இதுதான்: பெஞ்சுகளுக்குப் பெரிய எழுத்து வரிப் புத்தகம், கீபோர்டுக்கும் பாடகர் குழுவுக்கும் பாமாலை மட்டும் குறிப்போடு ஏழெட்டுப் பிரதி. பாட்டு எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஞாயிறு காலை குழப்பம்தான். அந்த மூன்றாம் வரியை, ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னால், பிள்ளைகளே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.