ஐம்பதில் ஒரு பட்டை: ஏடி8 ஆன்டிபாடியோடு ஆறு ஆண்டுகள்

முன்பு எங்கள் ஆய்வகத்தில் இருந்து, இப்போது வேறோர் இடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் பெண் போன வாரம் கேட்டாள்: "அக்கா, எலி மூளையில் டௌ பார்க்கப் போகிறேன். ஏடி8 வாங்கலாமா?" ஒரு வரிக் கேள்வி. ஒரு வரியில் பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன், திட்டுவதுபோல் இருந்தது, அதையும் அழித்தேன். அதனால்தான் இந்த நீண்ட பதில்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு; டௌ என்பது அல்சைமர் நோயில் நியூரான்களுக்குள் முடிச்சாகக் கட்டிப்போகும் புரதம். ஏடி8 அந்த டௌவைத் தேடும் ஆன்டிபாடி. டௌ புரதத்தின் 202ஆம் இடத்துச் செரினிலும் 205ஆம் இடத்துத் திரியோனினிலும் (இரண்டும் அமினோ அமிலங்கள்) பாஸ்பேட் ஏறியிருந்தால் பிடித்துக்கொள்ளும் சுண்டெலி மோனோகுளோனல், அதாவது ஒரே சுண்டெலி செல்லின் வழிவந்த, எல்லாம் ஒரே மாதிரியான ஆன்டிபாடி. ஆறு ஆண்டுகளில் ஏழு குப்பிகள் தீர்த்திருக்கிறேன். திசுச் சீவலிலும் பயன்படுத்தினேன், வெஸ்டர்ன் பிளாட்டிலும் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காணும் முறை) பயன்படுத்தினேன். இந்த இரண்டிலும் அது ஒரே ஆன்டிபாடி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. மனித மூளையை பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டிய சீவலில் இதை மிஞ்ச ஆளில்லை. நினைவுக்குரிய மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் சீவல் ஒன்றை வைத்து, கடைசியில் ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கும் டிஏபி கரைசலைச் சொட்டிவிட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டே இருப்பேன். முதல் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கீற்று. அடுத்து நியூரான் உடலுக்குள் தீச்சுடர் வடிவில் ஒரு முடிச்சு, அதன் பக்கத்தில் இன்னொன்று, இடையில் நூல்நூலாக இழைகள். பின்புலம் வெள்ளைக் காகிதம்போல் அப்படியே இருக்கும். நரம்பு உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் 1991இல் அல்சைமர் நோயின் படிநிலைகளை வெள்ளிச் சாயத்தை நம்பி வகுத்தார். 2006இல் அதையே பாரஃபின் சீவலுக்கு ஏற்பத் திருத்தி எழுதியபோது அவரது குழு கையில் எடுத்தது இந்த ஏடி8ஐத்தான். ஏன் என்று அந்தப் பழுப்பு நிறத்தை ஒரு தடவை பார்த்தவருக்கு விளங்கிவிடும். ஆறு ஆண்டுகளில் சீவலில் இது என்னை ஒரு முறைகூடக் கைவிட்டதில்லை. காலாவதித் தேதி தாண்டிய குப்பிகூட வேலை செய்தது. (இதை யாரும் பின்பற்ற வேண்டாம்.)

இனி எலி, அதாவது ஆய்வகச் சுண்டெலி.

சுண்டெலியிலிருந்து எடுத்த ஆன்டிபாடியைக் காண, சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிக்கும், அடையாளம் காட்டும் நொதி பிணைத்த இரண்டாம் ஆன்டிபாடியை ஊற்றுகிறோம். மாதிரியே சுண்டெலி மூளையாக இருந்தால் என்ன ஆகும்? அந்த மூளையின் குழாய்களில் குருதி இருந்திருக்கும், குருதியில் எலியின் சொந்த ஆன்டிபாடிகள் இருக்கும். நான் ஊற்றியது எது, எலி தன் உடம்பில் வைத்திருந்தது எது என்று இரண்டாம் ஆன்டிபாடிக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஜெல்லில் ஓடும்போது அந்த எலி ஆன்டிபாடி இரண்டாகப் பிரிந்து, அதன் பெரிய துண்டான கனச் சங்கிலி 50 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) வந்து உட்காரும்.

வேறு எங்கே வந்திருந்தாலும் மன்னித்திருப்பேன். டௌ தன் கணக்கிட்ட எடையைவிட மேலே ஓடுகிற புரதம், ஏறக்குறைய 50 முதல் 65 வரை பட்டைபட்டையாக வரும். ஆக, நான் தேடும் புரதத்தின் வாசலில் அழையாத விருந்தாளி பாய் விரித்துப் படுத்திருக்கிறார். சின்னத் துண்டான லேசான சங்கிலி 25இல் வரும். அது எனக்குத் தொல்லை இல்லை. ஆனால் டிடிபி-43 என்ற இன்னொரு மூளை நோய்ப் புரதத்தைத் தேடும் ஆட்கள் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், அவர்கள் தேடும் உடைந்த துண்டு அதே உயரத்தில்தான் வரும்.

இது எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று வயது வாரியாக எலி மூளைகளை ஓட்டினேன். ஐம்பதுக்குச் சற்று மேலே ஒரு பட்டை, வயது ஏற ஏறப் படிக்கட்டுபோல் அடர்த்தி கூடியது. ஆய்வகக் கூட்டத்தில் காட்டினேன். எல்லோருக்கும் மகிழ்ச்சி, எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. வயதோடு பாஸ்பேட் ஏறிய டௌ கூடுகிறது என்று ஏழு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். குருதியில் ஆன்டிபாடியின் அளவும் எலிக்கு வயதாக ஆகக் கூடலாம் என்பது அப்போது என் தலைக்குள் நுழையவே இல்லை.

பிறகு ஒரு கூட்டாளி ஆய்வகத்திலிருந்து, டௌ மரபணு நீக்கப்பட்ட எலியின் மூளைச் சாறு ஒரு சின்னக் குழாயில் வந்தது. சம்பிரதாயத்துக்கு ஜெல்லின் கடைசித் தடத்தில் ஏற்றினேன். படமெடுக்கும் கருவியில் முப்பது வினாடி வைத்தேன். திரையில் படம் விழுந்ததும் கண் வழக்கம்போல் இடப்பக்கம் போனது. படிக்கட்டு ஒழுங்காக இருந்தது. அப்புறம்தான் வலப்பக்க ஓரத்தைப் பார்த்தேன். கடைசித் தடத்தில், டௌவே இல்லாத எலியில், கொழுத்த பட்டை. குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் போய்ப் பார்த்தேன். மாறிவிட்டதோ என்று அனுப்பியவரிடம் கேட்டேன். மாறவில்லை. மறுநாள் ஏடி8ஐ ஊற்றாமல் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் ஊற்றினேன். படிக்கட்டு அச்சு அசலாக அப்படியே வந்தது.

அந்த ஒரு சோதனைக்கு ஒரு மதிய நேரம் போதும். நான் ஏழு மாதம் கழித்துச் செய்தேன்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் ஏடி8 மேல் குற்றமே இல்லை. குற்றம் இரண்டாம் ஆன்டிபாடியின் மேல். அதைவிட என் மேல். 2014லேயே டௌ நீக்கிய எலிகளை வைத்து, சுண்டெலி மோனோகுளோனல்கள் பலவற்றுக்கும் இதே தொல்லை உண்டு என்று தெளிவாக எழுதி, தீர்வும் சொல்லி ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இவ்வளவு நியாயம் பேசிய பிறகும் எனக்குக் கோபம் போகவில்லை. ஆன்டிபாடியோடு வரும் விவரத் தாள்களில் "வினைபுரியும் இனங்கள்: மனிதன், சுண்டெலி" என்று சுருக்கமாகப் போட்டுவிடுகிற பழக்கம் இந்தத் துறையில் இருக்கிறது. அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரே சொல்லை நம்பித்தான் ஆயிரம் பேர் ஜெல் ஓட்டுகிறோம்.

தீர்வு உண்டா? உண்டு. லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி வாங்கலாம், ஐம்பது சுத்தமாகிவிடும். நொதியை நேரடியாகப் பிணைத்த முதல் ஆன்டிபாடி வாங்கலாம், இரண்டாவதே வேண்டாம். மூளையை எடுக்கும் முன் உப்புக் கரைசல் செலுத்திக் குருதியைக் கழுவிவிட்டால் பட்டை மெலியும், போகாது.

எனக்குப் பிடித்த தீர்வு இவை எதுவும் இல்லை. மூளைச் சாற்றைக் கொதிக்க வைப்பதுதான். சோப்பு எதுவும் சேர்க்காமல், உப்பு சேர்த்துத் தொண்ணூற்றைந்து டிகிரிக்கு மேல் பத்து நிமிடம். குழாயில் இருப்பதெல்லாம் பால் திரிவதுபோல் திரிந்து வெள்ளையாகக் கட்டிப்போகும். சுழற்றி எடுத்தால் அடியில் ஒரு தடித்த வண்டல், மேலே கண்ணாடிபோல் தெளிந்த நீர். எலியின் ஆன்டிபாடியெல்லாம் வண்டலில். டௌ மேலே. டௌவுக்கு நிலையான மடிப்பு கிடையாது, வெந்து குலைவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை, அதனால்தான் கரைந்தே நிற்கிறது. முதல் முறை அந்தத் தெளிந்த நீரை ஓட்டி, டௌ நீக்கிய எலியின் தடம் வெறுமையாக வந்தபோது, பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு வெறும் தடத்தைக் காட்டினேன். "ஒன்றுமே இல்லையே?" என்றார். அதுதான் விஷயம் என்றேன். ஒரு எச்சரிக்கை: கட்டிப்போன டௌ வண்டலோடு போய்விட வாய்ப்பு உண்டு. சர்க்கோசில் என்ற சோப்பில் கரையாத பகுதியைப் பார்ப்பவர்கள் இதை நம்ப வேண்டாம்.

பாஸ்பேட் சார்ந்த மற்றச் சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்கச் சவ்வை ஊற வைக்கும்போது பால்பொடி வேண்டாம். பாலில் உள்ள கேசினிலேயே பாஸ்பேட் இருக்கிறது. அல்புமின் போதும். சவ்வில் ஒரு கீற்றை, பாஸ்பேட்டை நீக்கும் பாஸ்பட்டேஸ் நொதியில் நனைத்துப் பாருங்கள், பட்டை மறைய வேண்டும். எலியை மயக்கும்போது உடல் குளிர விடாதீர்கள். உடல் வெப்பம் இறங்கினால் பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள் சோர்ந்து, டௌவில் பாஸ்பேட் தானாகவே ஏறிவிடும். மயக்க மருந்து டௌவைக் கெடுக்கிறது என்று எழுதக் கிளம்பிய பலர், 2007இல் இது வெளிவந்தபோது வெப்பமானியைத் தேடியிருப்பார்கள்.

சரி, சுண்டெலி ஆன்டிபாடி தொல்லை என்றால் முயல் ஆன்டிபாடிக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். மாறினேன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தின் முயல் பாலிகுளோனல், அதாவது பல வகை ஆன்டிபாடிகளின் கலவை. முதல் குப்பி அற்புதம். ஐம்பதில் பட்டை இல்லை, கொதிக்க வைக்கத் தேவையில்லை. இரண்டாவது குப்பியில் தொகுதி எண் மாறியிருந்தது, கூடவே பட்டைகளும் மாறியிருந்தன. நூறுக்கு அருகே ஒன்று, நாற்பதுக்குக் கீழே ஒன்று, டௌ நீக்கிய எலியிலும் இரண்டும் ஆஜர். விவரத் தாளில் பழைய படம் அப்படியே இருந்தது. புகார் எழுதினேன். செறிவைக் கூட்டிப் பாருங்கள் என்று பதில் வந்தது. கூட்டினேன், தேவையில்லாத பட்டைகளும் கூடின. மறுபடி எழுதினேன். வருத்தம் தெரிவித்து, மாற்றாக ஒரு குப்பியை இலவசமாக அனுப்பினார்கள். அதே தொகுதி எண்.

இது டௌவின் தலைவிதி மட்டும் அல்ல. பார்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஆல்ஃபா சைனுக்ளின் புரதத்தின் 129ஆம் இடத்துப் பாஸ்பேட்டைப் பிடிக்கும் 81ஏ என்ற ஆன்டிபாடி, நியூரோஃபிலமென்ட் என்ற வேறொரு நரம்புப் புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயோடு தொடர்புள்ள சி9ஓஆர்எஃப்72 புரதத்துக்கு விற்கப்பட்ட ஆன்டிபாடிகளை, அந்த மரபணு நீக்கப்பட்ட செல்களில் வைத்து ஒரு குழு வரிசையாகச் சோதித்தது. 2019இல் முடிவு வந்தபோது, பலரும் நம்பிப் பயன்படுத்தியவையே தேறவில்லை. ஆக, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஐம்பது இருக்கிறது.

தங்கைக்கு என் பதில்: எலியில் பிளாட் மட்டும் ஓட்டப் போகிறாய் என்றால் ஏடி8 வாங்காதே. மரபணு வழியில் ஒரே வார்ப்பாகத் தயாரிக்கும் முயல் மோனோகுளோனல் ஒன்றை வாங்கு. அதில் தொகுதிக்குத் தொகுதி ஆட்டம் குறைவு. எதை வாங்கினாலும் முதல் ஜெல்லிலேயே டௌ நீக்கிய எலிக்கு ஒரு தடம் ஒதுக்கு, இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் ஊற்ற ஒரு கீற்றை வெட்டி வை. ஏழு மாதம் கழித்து அல்ல.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஏடி8 வேண்டவே வேண்டாமா அக்கா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எட்டாவது குப்பி திங்கட்கிழமை வருகிறது. மைனஸ் இருபது டிகிரி உறைபெட்டியில் இடம் ஒழித்து, பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து வைக்கச் சின்னக் குழாய்களுக்கு எண் எழுதி முடித்துவிட்டேன்.