பெல்லோஸா, இரும்புக் குழாயா? பம்பு வாயில் எதை மாட்டுவது

பம்பின் சக்‌ஷன், டெலிவரி (உறிஞ்சும், வெளியேற்றும்) வாய்களில் குழாய் சேர்க்கும் நேரத்தில் சைட்டில் இந்த வாக்குவாதம் வந்தே தீரும்: நடுவில் பெல்லோஸ் (மடிப்புகளோடு வளைந்து நீளும் இணைப்புத் துண்டு) போடலாமா, இரும்புக் குழாயையே கொண்டுவந்து ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு) முடுக்கிவிடலாமா? சூடான திரவம், தீப்பற்றும் திரவம், ஆசிட் ஓடும் லைன் என்றால் பெல்லோஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. சாதாரணத் தண்ணீர் லைனில் ரப்பர் பெல்லோஸ் போடலாம், டை ராடோடு (இரு ஃபிளாஞ்சும் விலகாமல் பிடிக்கும் கம்பி).

ரப்பர் பெல்லோஸுக்கு நியாயமான இடம் உண்டு. பெரிய கட்டடங்களின் ஏ.சி. பிளான்ட் பம்புகளில் அதிர்வும் சத்தமும் குழாய் வழியே மாடிகளுக்கு ஏறாமல் அது தடுக்கும். ஆனால் வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும், அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

பலர் கணக்கில் எடுக்காதது அழுத்தத்தின் தள்ளுவிசை. பெல்லோஸின் பயன்படு விட்டம் 250 மி.மீ., லைன் அழுத்தம் 6 பார் என்றால் இரண்டு ஃபிளாஞ்சையும் விலக்கித் தள்ளும் விசை சுமார் 3 டன். டை ராட் இல்லாவிட்டால் அது முழுக்கப் பம்பின் வாயிலும் குழாயை அசையாமல் பிடிக்கும் ஆங்கரிலும் விழும். இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் 1974 ஜூன் 1 அன்று நடந்தது இதன் கொடூர உருவம். பழுதான ஒரு ரியாக்டரைக் கழற்றிவிட்டு, இரு பக்க ரியாக்டர்களையும் 20 அங்குலத் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். இரு முனையிலும் பெல்லோஸ், இரண்டும் வெவ்வேறு உயரம், தாங்கியது சாரக்கட்டு. வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்ட கோடு மட்டுமே. குழாய் பிய்ந்து சைக்ளோஹெக்சேன் என்ற தீப்பற்றும் திரவத்தின் ஆவி தீப்பிடித்ததில் 28 பேர் இறந்தார்கள். அங்கே பம்பு இல்லை. ஆனால் அழுத்தம் பெல்லோஸை என்ன செய்யும் என்பது எங்கும் ஒன்றுதான்.

இரும்புக் குழாய் வழியில் உழைப்பு கூடுதல். முதலில் ஃபவுண்டேஷன், கிரவுட் (அடித்தட்டின் கீழ் ஊற்றும் கலவை), அலைன்மென்ட் (பம்பு, மோட்டார் ஷாஃப்ட்களை நேர்ப்படுத்துவது). பிறகு பம்பு வாயிலிருந்து வெளிப்பக்கமாகக் குழாயை எடுத்துச் செல்ல வேண்டும். குழாயின் எடையைச் சப்போர்ட்தான் சுமக்க வேண்டும், பம்பு அல்ல. ஃபிளாஞ்சுகள் கையால் தள்ளினாலே சேர வேண்டும், போல்ட் தானாக இறங்க வேண்டும். செயின் பிளாக்கோ கடப்பாரையோ தேவைப்பட்டால் அந்தக் குழாயை வெட்டி மறுபடி வெல்ட் செய்வதே சரி. பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் கருவி) வைத்துக்கொண்டு முடுக்குங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 686 தரநிலை அனுமதிக்கும் ஷாஃப்ட் நகர்வு 0.05 மி.மீ.தான். அதைத் தாண்டினால் மெக்கானிக்கல் சீல் ஒழுகும், பேரிங் சீக்கிரம் போகும். இழுத்து மாட்டிய குழாய், பிற்பாடு போல்ட்டைத் தளர்த்தும் ஃபிட்டரின் விரலைப் பதம் பார்க்கும்.

சூட்டு லைனில் நேர்க் குழாய் மட்டும் போதாது. 10 மீட்டர் கார்பன் ஸ்டீல் குழாய் 120 டிகிரி சூடேறினால் சுமார் 14 மி.மீ. நீளும். வளைவுகளோ லூப்போ வைத்து அந்த நீட்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். இடம் இல்லை என்று பெல்லோஸ் கேட்பார்கள். பல இடங்களில் லே-அவுட்டைக் கொஞ்சம் மாற்றினாலே இடம் கிடைக்கும்.

கோணலாக வந்த குழாயை மறைக்கப் பெல்லோஸ் போடுவதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். மாட்டும்போதே இழுபட்ட பெல்லோஸில், ஓடும்போது நகர மிச்சம் எதுவும் இருக்காது.

எதை மாட்டினாலும் வெல்டிங் எர்த்தை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) பம்பில் கொடுக்காதீர்கள். மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து உருளைகளில் குழி விழும்.