டிஎன்பிஎஸ்சி குரூப் 4 (தமிழ்நாடு அரசு வேலைக்கான பரீட்சை) படிக்க வாங்கின குட்டி டேபிள் டைமர், ஏழு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

இது பெரிய பிராண்ட் எல்லாம் இல்ல, கிச்சன்ல வைக்கன்னு விக்கிற சாதாரண டிஜிட்டல் டைமர்தான். உள்ளங்கை சைஸ், பின்னாடி காந்தம், நிக்க வைக்க மடக்கு ஸ்டாண்ட், மூணே பட்டன். போன்லயே டைமர் இருக்கே, தனியா எதுக்குன்னு கேப்பீங்க. நானும் ஒரு வருஷம் போன்லதான் வச்சுப் பார்த்தேன். டைம் பாக்க போனை எடுத்தா டெலிகிராம்ல யாராவது கரண்ட் அஃபேர்ஸ் பிடிஎஃப் போட்டிருப்பாங்க, அதை டவுன்லோட் பண்ணுவேன், அப்படியே கீழ கட் ஆஃப் எவ்வளவு வரும்னு பேசிட்டு இருக்கறதையும் படிப்பேன், தலைய தூக்கினா இருபது நிமிஷம் போயிருக்கும். அதுவும் படிப்புக் கணக்குலதான்னு மனசு நம்பிடும், அதுதான் ஆபத்து.

வாங்கின முதல் வாரம் கவுண்ட் டவுனே வைக்கல. 00:00ல ஸ்டார்ட் அமுக்கினா மேல எண்ணிட்டுப் போகும், அதை மட்டும் யூஸ் பண்ணேன். கண்ணு புக்ல இருக்கும்போது ஓடும், எந்திரிச்சா நிறுத்திடுவேன், ராத்திரி நோட்ல எழுதி கூட்டுவேன். வேலைக்குப் போயிட்டே காலைல ரெண்டு மணி நேரம் ராத்திரி மூணு, மொத்தம் அஞ்சு மணி நேரம் படிக்கிறேன்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தவ நான். நோட்ல வந்தது 2 மணி 50 நிமிஷம். ரொம்ப நேரம் அந்த நோட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

அதுக்கப்புறம்தான் டைம்டேபிளே மாறுச்சு. அஞ்சு மணி நேரத்துக்குப் போட்டு தினமும் பாதியில விடறதுக்குப் பதிலா நிஜமா கைல இருக்கிற மூணு மணி நேரத்துக்குப் போட்டேன். காலைல மனசு தெளிவா இருக்கும்போது ஸ்கூல் புக், ஆறாவதுல இருந்து வரிசையா, ராத்திரி கணக்கு, ஏன்னா கை ஓடிட்டே இருந்தா தூக்கம் வராது, வரலாறை ராத்திரி எடுத்தா நாலாவது பக்கத்துலயே கண்ணு சொக்கும். படுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அன்னைக்கு படிச்சதை புக் மூடிட்டு எழுதிப் பாக்கறது.

25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ரெஸ்ட் எடுக்கிற பொமொடோரோ முறையும் இதுல ட்ரை பண்ணேன். 1980கள் கடைசியில பிரான்செஸ்கோ சிரில்லோங்கற இத்தாலிக்காரர் காலேஜ் படிக்கும்போது தக்காளி மாதிரி இருந்த கிச்சன் டைமரை வச்சு ஆரம்பிச்சது, பொமொடோரோன்னா இத்தாலியன்ல தக்காளி. இலக்கணம், நூல் ஆசிரியர் பேரு மாதிரி மனப்பாட விஷயத்துக்கு 25 நல்லா செட் ஆச்சு. கணக்குக்கு ஆகல, கூட்டு வட்டி கணக்கு பிடிபடற நேரத்துல பெல் அடிச்சா எரிச்சல்தான் வரும். எனக்கு 45-10 தான் ஒத்துவந்துச்சு.

மாடல் டெஸ்ட்டுக்கு இதோட மேக்ஸிமம் 99 நிமிஷம் 59 செகண்ட், நம்ம பரீட்சையோ 180 நிமிஷம். முதல்ல ஏமாந்துட்டோமேன்னு இருந்துச்சு, அப்புறம் 90, 90ன்னு ரெண்டு தடவை வைக்க ஆரம்பிச்சேன், அது இன்னும் உதவியா ஆயிடுச்சு. 200 கேள்வி, ஒண்ணுக்கு 54 செகண்ட், ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டம் கறுப்பாக்கறதும் அதுக்குள்ளயே. ஐஏஎஸ்க்கு எழுதற யூபிஎஸ்சியோட முதல் கட்டமான பிரிலிம்ஸ் மாதிரி இங்க மைனஸ் மார்க் கிடையாது, அதனால ஒரு கேள்வியையும் விட முடியாது. தமிழ் 100க்கு 55 நிமிஷம், பொது அறிவு 75க்கு 60, கணக்கு 25க்கு 40ன்னு பிரிச்சா மீதி 25 நிமிஷம் சரிபாக்க. தமிழை அவசரமா போடாதீங்க, அதுல 150 மார்க்குக்கு 60 வரலேன்னா மீதி பகுதிய திருத்தவே மாட்டாங்க.

யூபிஎஸ்சியோட அடுத்த கட்டம், விரிவா விடை எழுதற மெயின்ஸ் எழுதற என் ஃப்ரெண்டும் இதையேதான் வச்சிருக்கா. ஜிஎஸ் (பொது அறிவு) பேப்பர்ல 3 மணி நேரத்துல 20 கேள்வி, 10 மார்க்குக்கு 7 நிமிஷம், 15 மார்க்குக்கு 11ன்னு செட் பண்ணி எழுதிப் பழகறா.

குறைன்னா, ரீசெட் அமுக்கினா எல்லாம் போயிடும், எதையும் சேத்து வைக்காது, நோட் கட்டாயம் வேணும். பைக்குள்ள பட்டன் தானா அமுங்கி கத்தும், ஒரு தடவை லைப்ரரில எல்லாரும் திரும்பிப் பார்த்துட்டாங்க, ரொம்ப சங்கடமா போச்சு, அதனால சவுண்ட் ஆஃப் பண்ற சுவிட்ச் இருக்கான்னு பார்த்து வாங்குங்க, என்னோடதுல இல்ல.

ஆரம்பத்துல 90வது நிமிஷம் பெல் அடிக்கும்போது 95 கேள்விதான் முடிச்சிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை 131. மேல பிரிச்ச கணக்குப்படி பாதி நேரத்துல 140 வரணும், இன்னும் 9 பாக்கி.