'தி வோட்', 'மிஸஸ் அமெரிக்கா', 'அன்லேடிலைக் 2020': எதை முதலில் பார்க்கலாம்?

அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19-வது அரசியல் சட்டத் திருத்தம் 2020-இல் நூற்றாண்டு கண்டது. அந்த ஆண்டில் பெண்கள் வரலாற்றைப் பேசும் நிகழ்ச்சிகள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்படிப்பட்ட நிகழ்ச்சி என்றாலே எனக்கு ஒரு கவலை வந்துவிடும், மாலை போட்டு, கைதட்டி, அத்தோடு முடித்துவிடுவார்களோ என்று. சாதித்த பெண் யாரோடு மோதினார், என்ன விலை கொடுத்தார், கூட வந்தவர்களில் யாரை விட்டுவிட்டுப் போனார் என்பதையெல்லாம் மறைத்துவிட்டுச் சொல்லும் பாராட்டு அவரையும் சேர்த்தே சிறிதாக்கிவிடுகிறது. அந்தக் கண்ணோடுதான் இந்த மூன்றையும் பார்த்தேன்.

'தி வோட்', பி.பி.எஸ். தொலைக்காட்சியின் 'அமெரிக்கன் எக்ஸ்பீரியன்ஸ்' வரிசையில் ஜூலை மாதம் இரண்டு இரவுகளில் வந்த நான்கு மணி நேர ஆவணப்படம். இயக்கியவர் மிஷெல் ஃபெராரி. பழைய படச்சுருள், புகைப்படம், கடிதம், வரலாற்றாசிரியர்களின் பேச்சு என்று வழக்கமான ஆவணப்பட உத்திகள்தான். ஆனால் விஷயத்தை எடுத்துக்கொண்ட விதத்தில் துணிச்சல் இருக்கிறது. மாநிலம் மாநிலமாக ஆதரவு திரட்டிப் பொறுமையாக நகரும் கேரி சாப்மன் கேட் ஒரு பக்கம். வெள்ளை மாளிகை வாசலில் பதாகையோடு நின்று சிறைக்குப் போகும் ஆலிஸ் பால் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஆகாது. இந்தப் பிணக்கைப் பூசி மெழுகாமல் சொல்வதால்தான் வாக்குரிமை யாரோ மனமிரங்கிக் கொடுத்த வரம் இல்லை என்பது நமக்கு உறைக்கிறது.

1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணியைப் பாருங்கள். மறுநாள் உட்ரோ வில்சன் அதிபராகப் பதவியேற்கிறார். ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் இறங்குகிறார்கள். கூட்டத்தில் நின்ற ஆண்கள் அவர்களை இடித்தும் தள்ளியும் ஏசியும் வழிமறிக்கிறார்கள். காவலர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கிறார்கள். இது பல இடங்களில் சொல்லப்பட்ட கதைதான். அதே பேரணியில் இன்னொன்றும் நடந்தது. இல்லினாய் மாநிலக் குழுவோடு நடக்க வந்த கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸை, கறுப்பினப் பெண்களோடு கடைசியில் போய் நடக்கும்படி சொன்னார்கள். தெற்கு மாநிலங்களின் வெள்ளையர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதுதான் காரணம். அவர் மறுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். பேரணி கிளம்பிய பிறகு, ஓரத்திலிருந்து இறங்கி வந்து தன் மாநிலக் குழுவிலேயே சேர்ந்து நடந்தார். உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களே சக பெண்ணைப் பின்னால் போகச் சொன்ன அந்த நாளை மறைக்காமல் வைத்திருக்கிற நிகழ்ச்சிதான் என் கணக்கில் உண்மையான மரியாதை செய்கிறது.

அடுத்தது 'மிஸஸ் அமெரிக்கா'. எஃப்.எக்ஸ். தொலைக்காட்சி தயாரித்து ஹுலு இணையத் தளத்தில் வந்த ஒன்பது பகுதி நாடகத் தொடர். ஆண், பெண் சம உரிமைத் திருத்தம் 1972-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியும், தேவையான 38 மாநிலங்களில் 35-தான் ஒப்புதல் தந்த நிலையில் 1982-இல் கெடு முடிந்துபோன கதை. அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் பெண்களைத் திரட்டிய ஃபிலிஸ் ஷ்லாஃப்லிதான் மையப் பாத்திரம், நடித்திருப்பவர் கேட் பிளான்செட். எதிரணியில் நின்ற பெண்ணை நடுவில் வைத்து ஒரு போராட்டத்தைச் சொல்வது அரிது. உட்கார்ந்தால் எழ மனம் வராது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஸம் ஆக வரும் உஸோ அடூபாவின் நடிப்புக்காக மட்டுமே மூன்றாம் பகுதியை இரண்டாவது முறை பார்க்கலாம். அந்த வேடத்துக்கு அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

சரி, சிக்கல் எங்கே? ஷ்லாஃப்லியின் தோழியாக வந்து, மெல்ல மெல்லச் சந்தேகப்படத் தொடங்கும் ஆலிஸ் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். 1977-இல் ஹூஸ்டனில் நடந்த தேசியப் பெண்கள் மாநாடு நிஜம். ஆனால் அதை ஒரு முழுப் பகுதி முழுக்க ஆலிஸின் கண்வழியேதான் பார்க்கிறோம். சில பாத்திரங்களும் காட்சிகளும் கற்பனை என்று தொடரே அறிவித்துவிடுகிறது. அது நேர்மைதான். ஆனாலும் எது நடந்தது, எது எழுதப்பட்டது என்று பார்ப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடரில் பாத்திரமாக வரும் பெண்ணியத் தலைவர் குளோரியா ஸ்டைனமே இதைக் கடுமையாக விமர்சித்தார். திருத்தம் தோற்றதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் போன்றவற்றின் வணிக நலன்கள் காரணமாக இருக்க, பெண்களுக்குள் நடந்த சண்டைதான் காரணம் என்பதுபோல் காட்டிவிட்டார்கள் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு பெண்கள் மோதினால் அது காட்சியாகிவிடும். காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குவழக்கைக் காட்சியாக்குவது கடினம்.

'அன்லேடிலைக் 2020' வேறு வகை. பி.பி.எஸ்.ஸின் 'அமெரிக்கன் மாஸ்டர்ஸ்' வழியே வந்த 26 குறும்படங்கள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல. ஓவியத்துக்கு உயிர் கொடுத்த அனிமேஷன், கூடவே இன்று அதே துறையில் இருக்கும் பெண்களின் பேச்சு. மற்ற இரண்டிலும் கிடைக்காத பரப்பு இதில் கிடைக்கிறது. விமானி பெஸ்ஸி கோல்மன், அமெரிக்கப் பழங்குடிப் பெண்களில் முதன்முதலில் மருத்துவப் பட்டம் பெற்ற சூசன் லா ஃப்ளெஷ் பிகாட், டெக்சாஸ் பத்திரிகையாளர் ஜோவிட்டா இடார் எல்லோரும் வருகிறார்கள். 1914-இல் லரீடோ நகரில் தன் பத்திரிகை அலுவலகத்தை மூட வந்த டெக்சாஸ் ரேஞ்சர்களை (மாநிலக் காவல் படையினரை) உள்ளே விடாமல் வாசலை மறித்து நின்றவர் இடார். அன்று அவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு வந்து அச்சு இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். இப்படி ஒரு வாழ்க்கைக்குப் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? ஒரு படம் சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. வரிசையாகப் பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரி வீராங்கனைகளாகத் தெரிய ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் சொன்ன கவலைக்கு மூன்றில் மிக அருகில் வருவது இதுதான்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் 'தி வோட்' என்பேன். நான்கு மணி நேரம் நீளம்தான், ஆனால் இரண்டு பாகமாக இருப்பதால் இரண்டு நாளில் முடித்துவிடலாம். 'மிஸஸ் அமெரிக்கா'வை அதற்கு அப்புறம் பார்ப்பது நல்லது. வாக்குரிமை இயக்கத்தில் உத்திகளையும் பணத்தையும் பிளவுகளையும் பார்த்துவிட்ட கண்ணுக்கு, இந்தத் தொடர் எதையெல்லாம் சொல்லாமல் விடுகிறது என்பது தானாகவே பிடிபடும். வகுப்பில் காட்டவோ, வளர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கவோ என்றால் 'அன்லேடிலைக்'தான் தோது. ஒரு நாளைக்கு ஒரு படம் போதும். இடாரில் தொடங்குங்கள்.